பொட்டிக்குள்ள எவ்ளோ மெமரி இருக்கு?

ரெண்டு வாரமா ஆணி கொஞ்சம் அதிகம். படிப்பு ஒரு பக்கம், கிடங்கு வேலை ஒரு பக்கம். அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கு எழுத உக்காந்ததுக்குக் காரணம், எங்க வீட்டுக்குப் புதுசா குடிவந்திருக்கிற திண்டுக்கல் தம்பி.

போன சனிக்கிழமை காலைல துணி காயப் போட்டுட்டு உள்ள வர்றேன். ட்ருகனினாவுல காத்துன்னா அப்படி ஒரு காத்து. மேற்கு மெல்பர்ன் பூராவும் வெட்டவெளிதானே, கிளிப் போடலைன்னா நம்ம சட்டை நாலு தெரு தள்ளி எவனோ ஒருத்தன் வேலியில தொங்கும். தம்பி போனைத் தூக்கிட்டு ஓடி வர்றான்.

"அண்ணே, ஒரு லேப்டாப் சிக்கிருக்குண்ணே. 64 ஜிபி மெமரி! வெறும் 180 டாலர்தான். இன்னிக்கே போய் வாங்கிரலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. ஆனா சத்தமா சிரிக்கல. ஏன்னா இதே மாதிரி வாயைப் பிளந்துக்கிட்டுப் போய் ஏமாந்த ஆளு ஒருத்தன் இதே வீட்டுல இருக்கான். அவன்தான் இதை எழுதிட்டு இருக்கான் :-)

"தம்பி, 64 ஜிபி ரேமா, ஸ்டோரேஜா?"

"ரெண்டும் மெமரிதானேண்ணே?"

அங்கதான் நிக்குது விஷயம்.

மெமரின்னா எது?

நம்ம ஊர்ல மெமரிங்கிற வார்த்தையை எல்லாத்துக்கும் போட்டு வெச்சிருக்கோம். போன்ல படம் எடுக்க முடியலைன்னா "மெமரி ஃபுல்". கடையில போய் நிக்கும்போது "மெமரி கார்டு குடுங்க". செல்போன் கடைக்காரர்கிட்ட "மெமரி எவ்ளோங்க?"ன்னு கேட்டா "128"ங்கிறார். இதெல்லாம் சேமிக்கிற இடம். கணினித் தமிழ்ல நினைவகம்னு சொல்றது வேற, அது ரேம். விளம்பரத்துல மெமரின்னு மொட்டையா போட்டிருந்தா ரெண்டுல எது வேணும்னாலும் இருக்கலாம்.

தம்பிக்குக் கிடங்கு பாஷையில சொன்னேன். இங்க ட்ருகனினாவுல எங்க திரும்பினாலும் கிடங்குதானே. உள்ள வானத்தைத் தொடற மாதிரி ரேக் நிக்கும். அதுல சரக்கு வருஷக்கணக்கா இருக்கும், கரண்ட் போனாலும் எங்கயும் போகாது. அதுதான் ஸ்டோரேஜ். ஆனா ஒரு ஆர்டர் வந்தா ரேக்குல வெச்சே பேக் பண்ண முடியுமா? சரக்கை இறக்கி பேக்கிங் மேசைக்குக் கொண்டு வரணும். அந்த மேசைதான் ரேம். மேசை பெருசா இருந்தா பத்து ஆர்டரை ஒண்ணா பரப்பி வெச்சு வேலை பாக்கலாம். சின்னதா இருந்தா ஒண்ணை ரேக்குல ஏத்திட்டு இன்னொண்ணை இறக்கணும். நாள் பூரா ஏத்தி இறக்கறதுலயே போயிரும். பொட்டி "தொங்குது"ன்னு சொல்றோமே, பல சமயம் உள்ள நடக்கறது இந்த ஏத்தி இறக்கற வேலைதான்.

இன்னொரு வித்தியாசம். ரேம் ஒரு சுத்த மறதிக்காரன். அதுக்குள்ள ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி மின்தேக்கியில இருக்கற மின்னூட்டம். அது கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால மொத்த சில்லையும் சாதாரணமா 64 மில்லி நொடிக்குள்ள ஒரு தடவை திரும்பப் படிச்சு எழுதிக்கிட்டே இருக்கணும். கரண்டை நிறுத்தினா எல்லாம் காலி. சேவ் பண்ணாத அசைன்மென்ட் சொர்க்கத்துக்குப் போறது இப்படித்தான்.

ஆக 64 ஜிபி மேசை 180 டாலருக்குக் கிடைக்காது. 64 ஜிபி ரேக்தான் கிடைக்கும். "விக்கிறவருக்கு ஒரு மெசேஜ் போடு. ரேம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவுன்னு தனித்தனியா கேளு"ன்னேன். அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துச்சு. ரேம் 4, ஸ்டோரேஜ் 64. மனுஷர் பொய்யே சொல்லல பாருங்க. மெமரின்னு போட்டார், அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்ற குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். அதாவது இந்தப் பொட்டி வாசப்படியில நிக்குது. ரெண்டு அப்டேட் வந்தா வைக்க இடம் இருக்காது.

தம்பி முகம் தொங்கிப் போச்சு. 180 டாலர் சின்னக் காசு இல்லைங்க. 2025 ஜூலையில ஆஸ்திரேலியாவோட குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர்னு ஆச்சு. அந்தக் கணக்குல, வரி பிடிக்கறதுக்கு முன்னாடியே, ஏழு மணி நேரத்துக்கு மேல நின்னு அட்டைப்பொட்டி அடுக்கணும். மாணவர் விசாவுல வகுப்பு நடக்கற காலத்துல ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பாக்கலாம்னு 2023 ஜூலையிலேர்ந்து விதி. அதுல வாடகை, சாப்பாடு, பஸ். மிச்சம் பிடிச்ச காசு அது.

கொஞ்சம் கொசுவர்த்தி

எங்க வீட்டுக்கு வந்த முதல் மடிக்கணினி அக்காவுக்கு அரசாங்கம் குடுத்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்குத் தமிழ்நாட்டுல தொடங்கின இலவச மடிக்கணினித் திட்டம் ஞாபகம் இருக்கும். ஆரம்ப வருஷத்துப் பொட்டிகள்ல 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். தெருவுல எல்லார்கிட்டயும் நாங்க சொன்னது "320 மெமரி". அந்த 2ஐப் பத்தி யாரும் பேசவே இல்ல. பேசறதுக்கு அதுல என்ன இருக்கு, ரெண்டுதானே!

ஆனா பொட்டி ஆமை மாதிரி ஓடினதுக்குக் காரணமே அந்த ரெண்டுதான். கொஞ்ச வருஷம் கழிச்சு டவுன்ல ஒரு கடைக்காரண்ணன் பின்னாடி மூடியைக் கழட்டி, காலியா இருந்த ஸ்லாட்டுல இன்னொரு 2 ஜிபி துண்டைச் செருகினார். டீ ஆறறதுக்குள்ள வேலை முடிஞ்சது. அதுக்கப்புறம் அதே பொட்டி ஓடின ஓட்டம் இருக்கே! ஹார்ட் டிஸ்க் அதே 320தான். அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

புரியல. அதான் மெல்பர்ன் வந்து பாடம் படிச்சேன். 2024ல வந்த புதுசுல, 420 டாலருக்கு ஒரு பழைய பொட்டி வாங்கினேன். விளம்பரத்துல 8 ஜிபி ரேம். பொட்டி மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர்லயும் 8 ஜிபி. ராத்திரி நேரம், கார் பார்க்கிங்ல நின்னுக்கிட்டு, திரை எரியுதா, கீபோர்டு தட்டுதான்னு மட்டும் பாத்துட்டுக் காசைக் குடுத்துட்டு வந்தேன்.

செமஸ்டர் நடுவுல ஒரு ஆன்லைன் பரீட்சை. கேமரா ஓடணும், திரையைப் பதிவு பண்ற மென்பொருள் ஓடணும், பிரவுசர் ஓடணும். மூணாவது கேள்வியில பொட்டி உறைஞ்சு போச்சு. மவுஸ் அம்புக்குறி கூட நகரல. அணைச்சு அணைச்சுத் திரும்ப உள்ள போறதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சு. இருபது மதிப்பெண் பரீட்சையில வாங்கினது அஞ்சு. பாடத்தைக் கடைசியில எப்படியோ பாஸ் பண்ணிட்டேன். ஆனா அந்த மூணு மாசம் தூக்கம் வரல. ஒரு பாடத்தைத் திரும்ப எடுக்கணும்னா வெளிநாட்டு மாணவனுக்கு எத்தனை ஆயிரம் டாலர்னு எங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றது?

அன்னிக்கு ராத்திரிதான் முதல் தடவையா உள்ள பாத்தேன். 4 ஜிபி. ரெண்டு ஸ்லாட்டுல ஒண்ணு காலி. விக்கிறதுக்கு முன்னாடி யாரோ ஒரு துண்டை உருவிட்டாங்க. பாக்கறதுக்கு எனக்கு ஆகியிருக்க வேண்டிய நேரம் பத்து நொடி. அவ்வ்வ்வ்...

சரி, கொசுவர்த்தியை அணைச்சிட்டு அந்தப் பத்து நொடி வேலை என்னன்னு பாப்போம்.

பாக்கறது எப்படி?

1. விண்டோஸ் பொட்டின்னா கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதுல பெர்ஃபார்மன்ஸ், அதுக்குள்ள மெமரி. வலது மேல் மூலையில பெருசா ஒரு எண் இருக்கும், 8.0 ஜிபி, 16.0 ஜிபின்னு. அதுதான் மேசையோட நீள அகலம்.

2. அதே பக்கத்துல கீழ பாருங்க. "ஸ்லாட்ஸ் யூஸ்டு"ன்னு ஒரு வரி. ரெண்டுல ஒண்ணுன்னு காட்டினா இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கு, பின்னாடி ஏத்திக்கலாம். அதுக்குக் கீழ "ஃபார்ம் ஃபேக்டர்". சோடிம்னு இருந்தா கழட்டி மாட்டற துண்டு. "ரோ ஆஃப் சிப்ஸ்"னு இருந்தா பலகையிலேயே பற்ற வெச்சது, பெரும்பாலும் கழட்ட முடியாது. இந்த வகைப் பொட்டி சிலது எட்டுல எட்டு ஸ்லாட்டும் நிறைஞ்சிருக்குன்னு காட்டும். எட்டு ஸ்லாட்டா, அடேங்கப்பான்னு மயங்கிராதீங்க, உள்ள ஒரு ஸ்லாட் கூட இருக்காது.

3. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போனாலும் எண் தெரியும். இங்க ரெண்டு எண் இருக்கலாம். "இன்ஸ்டால்டு ரேம் 8.00 ஜிபி, 7.8 யூஸபிள்"ங்கிற மாதிரி. அந்த 0.2 திருட்டுப் போகல. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பொட்டியில திரைக்குப் படம் வரையறதுக்கு இதுலேர்ந்தே ஒரு பங்கு ஒதுக்குவாங்க. சில பொட்டிகள்ல 2 ஜிபி வரைக்கும் கூட ஒதுக்கியிருக்கும்.

4. ரொம்பப் பழைய பொட்டியில 32 பிட் விண்டோஸ் இருந்தா, உள்ள எவ்வளவு செருகியிருந்தாலும் 4 ஜிபிக்கு மேல பயன்படுத்தாது. 32 பிட்டால எண்ணக்கூடிய முகவரிகள் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம்தான், அது சரியா 4 ஜிபி. அதுலயும் கொஞ்சம் மத்த உறுப்புகளுக்குப் போக, மூணு சொச்சம்தான் கைக்கு வரும்.

5. மேக்னா இடது மூலை ஆப்பிள் குறியை அமுக்கி "அபவுட் திஸ் மேக்". 2020 நவம்பர்ல எம்1 சில்லு வந்ததிலேர்ந்து மேக் மடிக்கணினிகள்ல ரேமும் சில்லோடயே சேர்ந்து வருது. வாங்கும்போது எவ்வளவோ, கடைசி வரைக்கும் அவ்வளவுதான். மேக்புக் ஏர்ல ஆரம்ப அளவு 8 ஜிபியா இருந்ததை 2024 அக்டோபர்லதான் 16 ஆக்கினாங்க. அதனால பழசு வாங்கறவங்க உஷார்.

6. லினக்ஸ் ஆளுங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? டெர்மினல்ல "ஃப்ரீ"ன்னு ஒரு கட்டளை போதும் :-)

7. இதையெல்லாம் விட நம்பகமானது பயாஸ். பொட்டியை அணைச்சுத் திரும்பப் போடும்போதே எஃப்2 அல்லது எஃப்10 அல்லது டெலீட், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அமுக்கிட்டே இருந்தா உள்ள போகும். விண்டோஸ் எழறதுக்கு முன்னாடியே பொட்டி தன்னைத்தானே எண்ணிச் சொல்ற கணக்கு அது. விண்டோஸ் கடவுச்சொல் தெரியாத பொட்டியா இருந்தாலும் பாக்கலாம். ஆனா கடவுச்சொல் சொல்லத் தெரியாதவர்கிட்ட பொட்டி வாங்கறதைப் பத்தி ரெண்டு தடவை யோசிங்க!

முக்கியமா, விக்கிறவர் அனுப்பற ஸ்க்ரீன்ஷாட் சாட்சி ஆகாது. அது எந்தப் பொட்டியோட படம்னு யாருக்குத் தெரியும்? ஸ்டிக்கரும் சாட்சி ஆகாது. அது பொட்டி பிறந்த அன்னிக்கு எழுதின ஜாதகம். அப்புறம் என்ன நடந்துச்சுன்னு ஜாதகத்துக்குத் தெரியாது.

போன்ல இன்னொரு கூத்து. "8+8 ஜிபி ரேம்"னு போடறாங்களே, அதுல ரெண்டாவது எட்டு ஸ்டோரேஜ்லேர்ந்து கடன் வாங்கி மேசைன்னு பேர் வெச்சது. ரேக்குல ஒரு தட்டை இழுத்து அது மேலயே பேக் பண்ற கதை. நடக்கும், ஆனா மேசை ஆகாது.

முன்ன மாதிரி இல்ல

"போகட்டும்ணே, கம்மியா இருந்தா பின்னாடி ரேம் போட்டுக்கிறேன்"னான் தம்பி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடின்னா நானும் சரின்னிருப்பேன். என் 4 ஜிபி பொட்டிக்கு அப்ப 8 ஜிபி துண்டு ஒண்ணு நாப்பது டாலருக்குள்ள கெடச்சது.

2025 கடைசியில நிலைமை மாறிப் போச்சு. உலகத்துல ரேம் சில்லுகளைப் பெரும்பாலும் செய்யறது மூணே கம்பெனிங்க: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரியை மொத்தமா வாங்க ஆரம்பிச்சதும் இந்த மூணு பேரும் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க. நம்மள மாதிரி ஆளுங்க வாங்கற துண்டுகளோட விலை மளமளன்னு ஏறிச்சு. 2025 டிசம்பர்ல மைக்ரான், பல வருஷமா கடைகள்ல வித்துட்டிருந்த தன்னோட க்ரூஷியல் ரேம் வியாபாரத்தையே மூடப் போறதா அறிவிச்சது. எங்க மேற்குப் பக்கத்துலயே, வெஸ்ட் ஃபுட்ஸ்க்ரேயில, நெக்ஸ்ட்டிசியோட எம்3ங்கிற பெரிய தரவு மையம் இருக்கு. அந்த வகைக் கட்டடங்கள் உலகம் பூரா முளைக்குது. அதுங்களோட சேர்ந்து வரிசையில நிக்கறான் எங்க திண்டுக்கல் தம்பி, ஒரே ஒரு துண்டுக்காக.

இதுல இன்னொரு சிக்கலும் சேர்ந்துக்குச்சு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சது. விண்டோஸ் 11 ஏறாத பழைய பொட்டிகளைக் கழிச்சுக் கட்டறாங்க. அதெல்லாம் மலிவா சந்தைக்கு வருது. துண்டு விலை ஏறிக் கிடக்கும்போது, விக்கிறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறதை உருவிக்கலாமேன்னு யாருக்காவது தோணாதா என்ன?

சட்டம் காப்பாத்துமான்னா, பாதி காப்பாத்தும். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் 2011 ஜனவரி 1லேர்ந்து நடைமுறையில இருக்கு. கடையோ, வியாபாரமா செய்யறவரோ வித்தா, சொன்னதும் பொருளும் ஒத்துப்போகணும்ங்கிறது அதுல உள்ள உத்தரவாதம். பழைய பொருளுக்கும் அது பொருந்தும். 16ன்னு சொல்லி 8 குடுத்தா திருப்பிக் கேக்கலாம். கேட்டும் மசியலைன்னா விக்டோரியாவுல நுகர்வோர் விவகாரத் துறை இருக்கு, விகேட் தீர்ப்பாயம் இருக்கு. ஆனா தன்னோட சொந்தப் பொருளை ஒரு தனி ஆள் விக்கும்போது இந்த ஒத்துப்போற உத்தரவாதம் வராது. நாமளே பாத்துக்க வேண்டியதுதான்.

டார்னீட் படலம்

ஞாயித்துக்கிழமை தம்பி இன்னொண்ணு பிடிச்சான். 16 ஜிபி ரேம், 512 ஜிபி ஸ்டோரேஜ், 320 டாலர். இந்தத் தடவை ரெண்டையும் தனித்தனியா கேட்டு வாங்கிட்டான். நல்லது! சாயங்காலம் டார்னீட்ல ஒரு ஷாப்பிங் சென்டர்ல சந்திக்கிறதா ஏற்பாடு. பகல் வெளிச்சம், உக்கார மேசை, சார்ஜர் மாட்ட பிளக். இது மூணும் இல்லாத இடத்துல பொட்டி வாங்காதீங்க மக்களே.

விக்க வந்தவரும் மாணவர்தான். படிப்பு முடிஞ்சு அடுத்த வாரம் ஊருக்குப் போறாராம். சாமான் செட்டெல்லாம் வித்துட்டு இருக்கார். நல்ல மனுஷரா தெரிஞ்சார். தம்பி உக்காந்தான். நான் சொல்லிக் குடுத்தபடி முதல்ல ஸ்டோரேஜைப் பாத்தான். பாத்ததும் என் காதுல குசுகுசுன்னு,

"அண்ணே, 512ன்னார். 476தான்ணே காட்டுது! ஏமாத்தறாங்கண்ணே!"

"பொறு தம்பி, அது சரியாத்தான் இருக்கு"ன்னேன். ஹார்ட் டிஸ்க் செய்யறவங்க ஒரு ஜிபிங்கிறதை நூறு கோடி பைட்டுன்னு கணக்குப் போடறாங்க. விண்டோஸ் 1024ஐ மூணு தடவை பெருக்கி ஒரு ஜிபின்னு எண்ணுது, அது 107 கோடிக்கும் மேல. அதனால 512 போட்ட பொட்டி 476ன்னும், 256 போட்டது 238ன்னும் காட்டும். ரேமுக்கு மட்டும் ரெண்டு பேரும் 1024 கணக்குலதான் எண்ணுவாங்க. அதனால ரேம்ல இந்தச் சாக்கு செல்லாது. 16ன்னா 16தான் இருக்கணும்.

அடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப்.

8.0 ஜிபி.

தம்பி என்னைப் பாத்தான். நான் திரையைத் திருப்பி அவர் பக்கம் காட்டினேன். மனசுக்குள்ள எனக்குக் கோவம். 2024ல கார் பார்க்கிங்ல நின்னவன் ஞாபகம் வந்திருச்சு. நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும்னு வாயைத் திறக்கறேன், அவர் முகத்தைப் பாத்ததும் வார்த்தை வரல.

அவர் திரையையே பாத்துட்டு இருந்தார். பொட்டியைத் தன் பக்கம் இழுத்து, அணைச்சு, திரும்பப் போட்டு, பயாஸ்ல பாத்தார். அங்கயும் எட்டு. ரெண்டு ஸ்லாட்டுல ஒண்ணு காலி.

"ரெண்டு வருஷமா பதினாறுன்னு நெனச்சிட்டு இருந்தேன்"னார் மெதுவா. அவரும் இங்க வந்த புதுசுல யார்கிட்டயோ பழசாத்தான் வாங்கினாராம். விளம்பரத்துல பதினாறு, ஸ்டிக்கர்லயும் பதினாறு. அடிக்கடி தொங்குமாம். "என் புரோகிராம்தான் மோசம்னு நெனச்சேன். எத்தனை ராத்திரி அதையே திருத்திட்டு உக்காந்திருக்கேன் தெரியுமா"ன்னு சிரிச்சார். அது சிரிப்பே இல்லைங்க.

கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் அவரே, "இதை நான் 320க்கு விக்க முடியாது. நீங்களே ஒரு விலை சொல்லுங்க"ன்னார். தம்பி 230ல ஆரம்பிச்சு 250ல முடிச்சான். திண்டுக்கல் பூட்டு மாதிரி, லேசுல திறக்கல :-) பைசா குடுத்துட்டு, கை குலுக்கிட்டு, அவருக்கு ஒரு காபியும் வாங்கிக் குடுத்துட்டு வந்தோம். எட்டு ஜிபி தம்பி படிப்புக்கு இப்போதைக்குப் போதும். ஒரு ஸ்லாட் காலியா இருக்கு. விலை இறங்கற அன்னிக்குப் பாத்துக்கலாம்.

பஸ்ல வரும்போது அதையே யோசிச்சுட்டு வந்தேன். எனக்கு வித்த ஆளை இத்தனை நாளா மனசுக்குள்ள திட்டிட்டே இருந்தேன். ஒருவேளை அவருக்கும் தெரியாதோ என்னவோ. யாரோ ஒருத்தர் எப்பவோ ஒரு துண்டை உருவியிருக்கார். அதுக்கப்புறம் பொய் சொல்றதுக்கு ஆளே தேவைப்படல. ஸ்டிக்கர் ஒண்ணு போதும், கை மாறிக் கை மாறிப் போயிட்டே இருந்திருக்கு. வாங்கினவன் பாக்கல, வித்தவனும் பாக்கல. தம்பி மட்டும் அன்னிக்குப் பாக்காம இருந்திருந்தா, ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொரு புதுப் பையன்கிட்ட "16 ஜிபிப்பா, நல்ல பொட்டி"ன்னு நல்ல மனசோடயே வித்திருப்பான்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி முதல்ல செஞ்ச வேலை, நகத்தால சுரண்டிச் சுரண்டி அந்த ஸ்டிக்கரைப் பிச்சது. அப்புறம் ஒரு வெள்ளைத் தாள் துண்டுல "ரேம் 8, ஒரு ஸ்லாட் காலி, ஸ்டோரேஜ் 512"னு எழுதி, தேதி போட்டு, அடியில ஒட்டிட்டான்.

நீங்களும் இன்னிக்கு உங்க பொட்டியில ஒரு தடவை பாத்துருங்க. பத்து நொடிதான்.

டிஸ்கி 1: தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதியிருக்கேன். பூட்டு ஜோக்குக்கு மட்டும் முறைச்சான்.

டிஸ்கி 2: அக்காவோட அந்தப் பழைய பொட்டி இன்னும் ஊர்ல பரண் மேல இருக்கு. போன வாரம் பேசும்போது அம்மா சொன்னாங்க, "அந்த 320 மெமரி பொட்டியை என்னடா பண்றது?"